பெயரில் லார்டு, இருக்கை காமன்ஸில்: காஸல்ரேயை வைத்து ஐரிஷ் பிரபுப் பட்டத்தைப் புரிந்துகொள்வோம்

1814 மே 30 அன்று பாரிஸில் பிரான்ஸுடன் சமாதான ஒப்பந்தம் ஏற்பட்டது. பிரிட்டன் தரப்பில் கையெழுத்திட்டவர்களில் முதன்மையானவர் வெளியுறவு அமைச்சர் காஸல்ரே. போர்க்காலத்தில் ஆங்கிலேயர் பிடித்துவைத்திருந்த புதுச்சேரியும் காரைக்காலும் மறுபடியும் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது இந்த ஒப்பந்தப்படிதான். அங்கே கோட்டை கட்டக்கூடாது, காவலுக்குத் தேவையான அளவுக்கு மேல் படை வைக்கக்கூடாது என்ற நிபந்தனையும் இதிலேயே உண்டு. புதுச்சேரியின் பிற்கால வரலாறு இந்தத் தாளிலிருந்து தொடங்குகிறது என்றாலும் இதில் ஒப்பமிட்டவரைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பது மிகக் குறைவு.

ஆங்கிலத்தில் தேடிப் படிக்கத் தொடங்குபவரும் சீக்கிரமே குழம்புவார். "லார்டு காஸல்ரே" என்று எல்லோரும் எழுதுகிறார்கள், ஆனால் அவர் பாராளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் ஒருநாள்கூட உட்காரவில்லை, தேர்தலில் வென்றவர்கள் அமரும் கீழவையான காமன்ஸில்தான் இருந்தார். 1821-க்குப் பிறகு அந்தப் பெயரே காணாமல் போய் "லண்டன்டெரி" என்று ஒருவர் வருகிறார். அவரும் இவரேதான். அயர்லாந்தில் பிறந்த இவர்தான் அயர்லாந்தின் பாராளுமன்றத்தையே இல்லாமல் செய்தவர். இந்த மூன்று முடிச்சுகளும் ஐரிஷ் பிரபுப் பட்டம் என்ற ஏற்பாட்டைத் தெரிந்துகொண்டால் அவிழ்ந்துவிடும்.

பட்டங்களின் படிக்கட்டு

கீழிருந்து மேலாக ஐந்து படிகள்: பாரன், வைகவுன்ட், ஏர்ல், மார்க்வெஸ், டியூக். இது பலருக்கும் தெரிந்ததுதான். பட்டம் எந்த நாட்டுக் கணக்கில் வழங்கப்பட்டது என்பதும் அதே அளவு முக்கியம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பிரபுப் பட்டியல்கள் இருந்தன. 1707-க்குப் பிறகு கிரேட் பிரிட்டன் என்றும், 1801-க்குப் பிறகு ஐக்கிய ராச்சியம் என்றும் புதிய பட்டியல்கள் சேர்ந்தன. ஐரிஷ் பட்டியலில் இருப்பவருக்கு டப்ளின் பிரபுக்கள் சபையில் இடம் உண்டு. லண்டன் பிரபுக்கள் சபையில் கிடையாது.

இதனால் ஐரிஷ் பட்டம் மன்னர்களுக்கு வசதியான பரிசாக ஆனது. லண்டன் பிரபுக்கள் சபையில் ஆள் எண்ணிக்கை ஏறாது, ஆனால் பெற்றவரை எல்லோரும் "லார்டு" என்று அழைப்பார்கள். அயர்லாந்தோடு தொடர்பே இல்லாதவர்களுக்கும் கொடுத்தார்கள். ராபர்ட் கிளைவுக்கு 1762-இல் கிடைத்த "பிளாசியின் பாரன் கிளைவ்" பட்டம் ஐரிஷ் பட்டம்தான். அதனால்தான் லார்டு கிளைவ் கடைசிவரை ஷ்ரூஸ்பரி தொகுதி உறுப்பினராகக் காமன்ஸ் சபையிலேயே இருந்தார். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு சுல்தான் மடிந்தபின் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி பெரிய பிரிட்டிஷ் பட்டத்தை எதிர்பார்த்தார். வந்தது ஐரிஷ் மார்க்வெஸ் பட்டம். இரட்டைத் தங்கமுலாம் பூசிய உருளைக்கிழங்கு என்று அதைச் சொல்லிப் பொருமினார். ஐரிஷ் பட்டத்துக்கு அன்றைய சந்தை மதிப்பு என்ன என்பது இந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும்.

இன்னொரு விதி, மரியாதைப் பட்டம். ஏர்ல், மார்க்வெஸ், டியூக் ஆகிய மூன்று படிகளில் இருப்பவரின் மூத்த மகன், தந்தையின் கீழ்ப்பட்டங்களில் ஒன்றைத் தன் பெயராக வைத்துக்கொள்ளலாம். அது பெயருக்குத்தான். சட்டத்தின் கண்ணில் அவர் பிரபு அல்ல, சாதாரணக் குடிமகன். ஆகவே தேர்தலில் நிற்கலாம், காமன்ஸில் உட்காரலாம்.

நம்மவருக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். இயற்பெயர் ராபர்ட் ஸ்டுவர்ட். தந்தைக்கும் அதே பெயர். தந்தை 1789-இல் பாரன் லண்டன்டெரி ஆனார், 1795-இல் வைகவுன்ட் காஸல்ரே, 1796-இல் ஏர்ல், 1816-இல் மார்க்வெஸ். எல்லாமே ஐரிஷ் பட்டங்கள். தந்தை ஏர்ல் ஆன 1796 முதல்தான் மகன் "காஸல்ரே". எனவே 1795 இறுதியிலோ 1796 தொடக்கத்திலோ எழுதப்பட்ட கடிதத்தில் "லார்டு காஸல்ரே" என்று வந்தால் அது தந்தையைக் குறிக்கும். பழைய ஆவணங்களைப் புரட்டுபவர்கள் இந்தச் சில மாத இடைவெளியில்தான் அதிகம் தவறுகிறார்கள்.

பம்பாய்ப் பணமும் டவுன் தேர்தலும்

ஸ்டுவர்ட் குடும்பம் பழைய பிரபுக்குலம் அல்ல. ஸ்காட்லாந்திலிருந்து அயர்லாந்தின் வடக்கே குடியேறிய பிரெஸ்பிட்டேரியன் (புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவத்தின் ஒரு பிரிவு) வழியினர். தாத்தா அலெக்ஸாண்டர் 1737-இல் மேரி கோவன் என்பவரை மணந்தார். மேரியின் சகோதரர் ராபர்ட் கோவன், கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய் கவர்னராக இருந்து செல்வம் சேர்த்தவர். அந்தச் சொத்து மேரிக்கு வந்தது. அந்தப் பணம்தான் 1744-இல் டவுன் என்ற கவுன்டியில் (மாவட்டம் போன்ற பிரிவு) நியூட்டனார்ட்ஸ், கோம்பர் பகுதி நிலங்களாக மாறியது. ஸ்ட்ராங்ஃபோர்டு ஏரிக்கரையில் இன்றும் நிற்கும் மவுன்ட் ஸ்டுவர்ட் மாளிகையின் அடித்தளத்தில் பம்பாய் வணிகத்தின் காசு இருக்கிறது.

1769 ஜூன் 18 அன்று டப்ளினில் பிறந்த ராபர்ட், ஒரு வயதிலேயே தாயை இழந்தார். தந்தையின் இரண்டாம் மனைவி, இங்கிலாந்தின் செல்வாக்குமிக்க கேம்டன் பிரபுவின் மகள். இந்த உறவு பின்னால் பெரிதும் உதவியது. ஆர்மா பள்ளியிலும், கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியிலும் படித்தார். பட்டம் வாங்கவில்லை.

1790-இல், 21 வயது நிறைந்த கையோடு, டவுன் கவுன்டியில் ஐரிஷ் காமன்ஸ் சபைக்கு நின்றார். அங்கே ஹில் குடும்பத்தாரின், அதாவது டவுன்ஷயர் பிரபுக்களின், ஆதிக்கம். அக்காலக் கவுன்டித் தேர்தலில் வாக்குப்பதிவு ஒரே நாளில் முடியாது. வாரக்கணக்கில் ஓடும். ஒவ்வொரு வாக்காளரையும் வண்டி கட்டி அழைத்துவர வேண்டும், தங்கவைக்க வேண்டும், சாப்பாடும் குடியும் கொடுக்க வேண்டும். வாக்கு ரகசியமும் அல்ல. எழுந்து நின்று பெயர் சொல்ல வேண்டும். தந்தைக்குச் செலவு ஏறக்குறைய 60,000 பவுண்டு ஆனதாகச் சொல்லப்படுகிறது. மகன் ஜெயித்தார்.

1798

1795 முதல் 1798 வரை அயர்லாந்தின் வைஸ்ராயாக இருந்தவர் சிற்றன்னையின் சகோதரர் கேம்டன். 1798 மார்ச்சில் தலைமைச் செயலர் பெல்ஹாம் நோயுற்றதும் அந்தப் பொறுப்பு தற்காலிகமாக காஸல்ரேயிடம் வந்தது. நவம்பரில் நிரந்தரமானது. டப்ளின் அரசாங்கத்தில் வைஸ்ராய்க்கு அடுத்த இடம் அது. காமன்ஸில் அரசை நடத்துபவரும் அவரே. நெடுங்காலமாக இங்கிலாந்துக்காரர்களே வகித்துவந்த பதவி.

அவர் பொறுப்பேற்ற சில வாரங்களில் ஐக்கிய ஐரிஷ்காரர் இயக்கத்தின் கிளர்ச்சி வெடித்தது. பிரெஞ்சுப் புரட்சியின் தாக்கத்தில், கத்தோலிக்கரையும் பிரெஸ்பிட்டேரியன்களையும் ஒன்றாக நிறுத்திக் குடியரசு கேட்ட இயக்கம் அது. தலைவர்களில் ஒருவரான லார்டு எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டும் டியூக் குடும்பத்துப் பிள்ளைதான். மே 19 அன்று பிடிபட்டு, காயத்தால் ஜூன் 4 அன்று இறந்தார். ஒடுக்குமுறை கடுமையாக இருந்தது. மவுன்ட் ஸ்டுவர்ட்டுக்குப் பக்கத்து ஊரான கிரேயாபியில், பிரெஸ்பிட்டேரியன் போதகர் ஜேம்ஸ் போர்ட்டர் ஜூலையில் தூக்கிலிடப்பட்டார். அந்த வட்டாரத்து மக்கள் அதை ஸ்டுவர்ட் குடும்பத்தின் கணக்கில் எழுதிவைத்தார்கள்.

பாராளுமன்றத்தை விலைக்கு வாங்கிய கணக்கு

1798 ஜூனில் கேம்டனுக்குப் பதிலாக வைஸ்ராயாக வந்தவர் காரன்வாலிஸ். திப்புவுடன் போரிட்ட, வங்காளத்தில் நிரந்தர நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்த அதே காரன்வாலிஸ்தான். பிரதமர் பிட் அவருக்கும் காஸல்ரேக்கும் கொடுத்த வேலை, ஐரிஷ் பாராளுமன்றத்தை லண்டனோடு இணைப்பது. இதற்கு ஐரிஷ் பாராளுமன்றமே வாக்களித்துத் தன்னைக் கலைத்துக்கொள்ள வேண்டும்.

அதன் காமன்ஸ் சபையின் உள்கட்டமைப்பைப் பாருங்கள். மொத்தம் 300 இடங்கள். 32 கவுன்டிகளுக்கு இரண்டிரண்டாக 64. டப்ளினின் டிரினிட்டி கல்லூரிக்கு 2. மீதி 234 இடங்கள் 117 பரோக்களுக்கு. பரோ என்பது தனிச் சாசனம் பெற்ற ஊர். பெயரளவில் ஊர், ஆனால் பலவற்றில் வாக்காளர் பத்துப் பதினைந்து பேர்தான். அவர்களும் ஒரு நிலக்கிழாரின் ஆட்கள். ஆகவே இடங்களில் பெரும்பகுதி சில பிரபுக்குடும்பங்களின் சொத்துப்போல இருந்தது. விற்கலாம், குத்தகைக்கு விடலாம், மருமகனுக்குக் கொடுக்கலாம். நாட்டின் பெரும்பான்மையினரான கத்தோலிக்கர்களுக்கு 1793 முதல் வாக்குரிமை உண்டு, உறுப்பினராக முடியாது.

1799 ஜனவரியில் முதல் முயற்சி 5 வாக்கில் தோற்றது. காஸல்ரே பின்வாங்கவில்லை. அடுத்த ஓராண்டில் செய்ததைத்தான் வரலாறு இன்றும் அவர்மேல் சுமத்துகிறது. தயங்கியவர்களுக்குப் பட்டங்கள், பதவிகள், ஓய்வூதியங்கள் வழங்கப்பட்டன. இணைப்பை ஆதரிக்க மனமில்லாத உறுப்பினர்கள் விலக வழிசெய்து, அந்த இடங்களில் ஆதரவாளர்கள் நிரப்பப்பட்டார்கள். 1800 பிப்ரவரி 6 அன்று எண்ணியபோது ஆதரவு 158, எதிர்ப்பு 115.

இதில் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இழப்பீட்டுப் பணம். இணைப்புக்குப் பிறகு அயர்லாந்துக்கு லண்டன் காமன்ஸில் 100 இடங்களே. 64 கவுன்டி இடங்களை விட்டார்கள். டப்ளினுக்கும் கார்க்குக்கும் இரண்டிரண்டு, டிரினிட்டிக்கு ஒன்று, பிழைத்த 31 பரோக்களுக்கு ஒவ்வொன்று. கூட்டினால் 100 வரும். மீதி 84 பரோக்கள் ஒழிந்தன. ஒவ்வொன்றுக்கும் 15,000 பவுண்டு வீதம் மொத்தம் 12,60,000 பவுண்டு உரியவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. இதை லஞ்சம் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல. எதிர்த்து வாக்களித்தவர்களுக்கும் அதே விலைதான். கடைசிவரை எதிர்த்த டவுன்ஷயர் பிரபு ஏழு இடங்களுக்காக, இடத்துக்கு 7,500 வீதம், 52,500 பவுண்டு பெற்றார். மக்களின் பிரதிநிதித்துவத்தைத் தனிச்சொத்தாக ஏற்று அதற்கு விலை வைத்ததுதான் இதில் உறுத்த வேண்டியது. லஞ்சம் என்று பார்க்க வேண்டியது பட்டங்களையும் பதவிகளையும் ரகசியப் பணத்தையும்.

இதைவிடப் பெரிய பிழை வேறு இடத்தில் நடந்தது. இணைப்பு முடிந்ததும் கத்தோலிக்கர்கள் பாராளுமன்றத்தில் உட்காரும் உரிமை வரும் என்ற நம்பிக்கையை காரன்வாலிஸும் காஸல்ரேயும் கத்தோலிக்கத் தலைவர்களிடம் விதைத்திருந்தார்கள். அதனால் கத்தோலிக்கர் பலர் எதிர்க்காமல் இருந்தார்கள். ஆனால் சட்டத்தில் அது ஒரு வரியாகக்கூட எழுதப்படவில்லை. 1801 ஜனவரி 1 அன்று இணைப்பு அமலானது. பிட் கத்தோலிக்க உரிமையைக் கையில் எடுத்ததும், முடிசூட்டுச் சத்தியத்துக்கு விரோதம் என்று மூன்றாம் ஜார்ஜ் மறுத்தார். பிட் விலகினார், காரன்வாலிஸும் காஸல்ரேயும் உடன் விலகினார்கள். அந்த உரிமை வந்தது 1829-இல். 28 ஆண்டுத் தாமதத்தில் அயர்லாந்தின் மனம் இணைப்பிலிருந்து விலகிப்போனது. காஸல்ரே சாகும்வரை கத்தோலிக்க உரிமையை ஆதரித்தே வாக்களித்தார் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் எழுதப்படாத வாக்குறுதியை நம்பியவர்களுக்கு அது ஈடாகாது.

நான்காம் விதி

டப்ளின் பிரபுக்கள் சபை ஒழிந்ததும் ஐரிஷ் பிரபுக்கள் எங்கே போவது? இணைப்புச் சட்டத்தின் நான்காம் விதி அதற்குப் பதில் சொன்னது. ஐரிஷ் பிரபுக்கள் தங்களுக்குள் வாக்களித்து 28 பேரை ஆயுள்காலப் பிரதிநிதிகளாக லண்டன் பிரபுக்கள் சபைக்கு அனுப்பலாம். மற்ற ஐரிஷ் பிரபுக்கள் விரும்பினால் காமன்ஸ் தேர்தலில் நிற்கலாம், ஆனால் கிரேட் பிரிட்டனில் உள்ள தொகுதியில் மட்டும். அயர்லாந்துத் தொகுதியில் நிற்கக்கூடாது. காமன்ஸில் இருக்கும்வரை பிரபுவுக்கான சலுகைகள் கிடையாது, 28 பேர் தேர்தலில் வாக்கும் கிடையாது.

சொந்த மண்ணில் நிற்க முடியாது, அடுத்த மண்ணில் நிற்கலாம் என்பது முதல் வாசிப்பில் தலைகீழாகத் தோன்றும். ஐரிஷ் நிலக்கிழார்களே ஐரிஷ் இடங்களையும் எடுத்துக்கொள்ளாமல் தடுக்கும் வேலி அது. காஸல்ரேயின் தொகுதி வரலாறு இந்த விதிக்கு நேர்த்தியான செய்முறை. தந்தை உயிரோடு இருந்தவரை அவர் மரியாதைப் பட்டக்காரர் மட்டுமே என்பதால் டவுன் கவுன்டியிலிருந்தே லண்டன் காமன்ஸுக்குப் போனார். 1805-இல் போர் அமைச்சரானபோது, சம்பளப் பதவி ஏற்பவர் மறுபடி தேர்தலைச் சந்திக்க வேண்டும் என்ற அக்கால விதிப்படி டவுனில் நின்று தோற்றார். எதிர்த்து வேலை செய்தவர், இணைப்பை எதிர்த்ததற்காகப் பதவி பறிக்கப்பட்டு 1801-இல் இறந்த டவுன்ஷயர் பிரபுவின் விதவை. பிறகு இங்கிலாந்தின் சிறு பரோக்களில் ஒதுங்கியிருந்து, 1812-இல் டவுனை மீட்டார். 1821 ஏப்ரலில் தந்தை இறந்தார். அந்த நொடியில் அவர் உண்மையான ஐரிஷ் பிரபு, இரண்டாம் மார்க்வெஸ் லண்டன்டெரி. டவுன் இடம் போயிற்று. தாய்வழி உறவினரின் கையில் இருந்த ஆர்ஃபோர்டு என்ற இங்கிலாந்து பரோவுக்கு மாறி, வேறு பெயரோடு அதே காமன்ஸ் முன்வரிசையில் உட்கார்ந்தார்.

லண்டனில் இருபது ஆண்டுகள்

1802 முதல் 1806 வரை, கிழக்கிந்தியக் கம்பெனியை மேற்பார்வையிட்ட கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவர். வெல்லெஸ்லியின் மராட்டியப் போரும் அதன் செலவும் அவர் மேசைக்கு வந்த காலம் அது. 1807-இல் இரண்டாம் முறையாகப் போர் அமைச்சரானபோது, ஸ்பெயின், போர்ச்சுகல் அடங்கிய ஐபீரியப் போர்முனையின் படைத்தலைமைக்கு ஆர்தர் வெல்லெஸ்லியை ஆதரித்தது நல்ல தேர்வு. அவர்தான் பின்னாளில் வெலிங்டன். 1809-இல் நெதர்லாந்துக் கரையில் உள்ள வால்க்கரன் தீவுக்கு அனுப்பிய படையெடுப்பு பேரிழப்பு. ஏறத்தாழ 40,000 வீரர்கள் போனார்கள். சதுப்பு நிலக் காய்ச்சலில் 4,000 பேர்வரை இறந்தார்கள். சண்டையில் இறந்தவர்கள் நூற்றுச் சொச்சம்தான்.

அதே ஆண்டு, வெளியுறவு அமைச்சர் கேனிங் தன்னைப் பதவியிலிருந்து நீக்கப் பல மாதங்களாக ரகசியமாக ஏற்பாடு செய்துவந்தது காஸல்ரேக்குத் தெரியவந்தது. செப்டம்பர் 21 அதிகாலை, லண்டனை அடுத்த பட்னி ஹீத்தில் இருவரும் துப்பாக்கியோடு நின்றார்கள். முதல் சுற்று இருவருக்கும் தவறியது. இரண்டாம் சுற்றில் கேனிங்கின் தொடையில் குண்டு பாய்ந்தது, காஸல்ரேயின் கோட்டுப் பொத்தான் ஒன்று பறந்தது. இருவரும் பதவிக்கு வெளியே போனார்கள்.

1812-இல் வெளியுறவு அமைச்சராகத் திரும்பினார். மே மாதம் பிரதமர் பெர்சிவல் சுட்டுக்கொல்லப்பட்டபின் காமன்ஸில் அரசுத் தரப்புத் தலைவர் பொறுப்பும் சேர்ந்தது. இரண்டும் இறக்கும்வரை அவரிடமே இருந்தன. நெப்போலியனுக்கு எதிரான கூட்டணியைக் கட்டிக்காத்தது அவருடைய உண்மையான சாதனை என்பது என் மதிப்பீடு. 1814 மார்ச் மாத ஷோமான் ஒப்பந்தத்தில் பிரிட்டன், ஆஸ்திரியா, ரஷ்யா, பிரஷ்யா நான்கும் தலைக்கு 1,50,000 வீரர்களைக் களத்தில் வைக்கச் சம்மதித்தன. பிரிட்டன் ஆண்டுக்கு 50 லட்சம் பவுண்டு உதவித்தொகை தந்தது. தனித்தனியாகச் சமாதானம் பேசக்கூடாது என்பது இதன் உயிர்நாடி. முந்தைய கூட்டணிகள் உடைந்தது அந்த ஓட்டையில்தான். வியன்னா மாநாட்டில் போலந்து, சாக்ஸனி விவகாரத்தில் ரஷ்யாவும் பிரஷ்யாவும் மிஞ்சியபோது, 1815 ஜனவரி 3 அன்று ஆஸ்திரியாவோடும், தோற்ற பிரான்ஸோடுமே ரகசிய ஒப்பந்தம் செய்து சமநிலையை மீட்டார். பிற நாடுகளின் உள்விவகாரத்தில் வல்லரசுகள் கூட்டாகத் தலையிடுவதை 1820 மே மாத அரசுக் குறிப்பில் எதிர்த்தார்.

வெளியே இப்படிப் பெயர் பெற்றவரை உள்நாட்டில் ஏன் அத்தனை வெறுத்தார்கள்? விடை மறுபடியும் இருக்கையில் இருக்கிறது. பிரதமர் லிவர்பூல் பிரபுக்கள் சபையில். உள்துறை அமைச்சர் சிட்மத்தும் அங்கேதான். அரசின் உள்நாட்டு நடவடிக்கைகளுக்குக் காமன்ஸில் எழுந்து பதில் சொல்லவேண்டியவர் காஸல்ரே. 1819 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்டரின் செயின்ட் பீட்டர்ஸ் திடலில் சீர்திருத்தம் கேட்டுக் கூடிய கூட்டத்தில் குதிரைப்படை புகுந்து 15 பேருக்குக் குறையாமல் இறந்தபோதும், கூட்டங்களையும் அச்சையும் நெருக்கிய ஆறு சட்டங்கள் வந்தபோதும், சபையில் நின்றது அவர் முகம். கொள்கையில் அவருக்கும் முழுப்பங்கு உண்டு. ஆனால் மற்றவர்களின் பங்கையும் சேர்த்துச் சுமந்தார். 1821-இல் பிரிட்டிஷ் பட்டம் ஒன்றைப் பெற்றுக்கொண்டு பிரபுக்கள் சபைக்குள் ஒதுங்க அவருக்கு வழி இருந்தது. ஆர்ஃபோர்டைத் தேர்ந்தெடுத்ததன் பொருள், இரட்டைச் சுமையைத் தொடர்வது.

1822 கோடையில் மனம் தளர்ந்தது. யாரோ தன்னை மிரட்டுகிறார்கள், எல்லோரும் சதி செய்கிறார்கள் என்ற அச்சம். ஆகஸ்ட் 9 அன்று அவரைச் சந்தித்த மன்னரும் வெலிங்டனும் இதை உணர்ந்தார்கள். வெலிங்டன் மருத்துவரையும் எச்சரித்தார். 12-ஆம் தேதி கென்ட்டில் உள்ள நார்த் க்ரே வீட்டில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். சுயநினைவோடு செய்த தற்கொலை என்றால் அன்றைய சட்டப்படி சொத்துப் பறிமுதலும் தேவாலய அடக்க மறுப்பும் உண்டு. மனநிலை பிறழ்ந்திருந்தது என்று விசாரணை ஜூரி தீர்ப்பளித்தது, அவருடைய கடைசி நாள்களின் நிலையோடு அது பொருந்துகிறது. வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியில் பிட்டின் அருகே அடக்கம் செய்தபோது வெளியே கூட்டத்தில் சிலர் கூச்சலிட்டு ஆர்ப்பரித்தார்கள்.

விதி பிறகு என்ன ஆயிற்று

பாமர்ஸ்டன் 1802 முதல் ஐரிஷ் வைகவுன்ட். 1807-இல் காமன்ஸில் நுழைந்து, இருமுறை பிரதமராகி, 1865-இல் உறுப்பினராகவே இறந்தார். ஒருமுறைகூட அயர்லாந்துத் தொகுதி இல்லை. அந்தமானில் 1872-இல் கொல்லப்பட்ட வைஸ்ராய் மேயோ, "லார்டு நாஸ்" என்ற மரியாதைப் பட்டத்தோடு கில்டேர், கோல்ரெய்ன் என்ற ஐரிஷ் தொகுதிகளில் இருந்து, பின் காக்கர்மத் என்ற இங்கிலாந்துத் தொகுதிக்கு மாறியவர். 1867-இல் தந்தை இறந்து ஏர்ல் ஆனபோது அவர் இடம் பறிபோகாததற்குக் காரணம் அதுவே. 1898-இல் இந்திய வைஸ்ராயாக நியமிக்கப்பட்ட கர்சனுக்கு அயர்லாந்தோடு உறவே இல்லை. ஆனாலும் ஐரிஷ் பட்டமே கொடுத்தார்கள், திரும்பிவந்து காமன்ஸில் நிற்க வழி திறந்திருக்கட்டும் என்று. உருவாக்கப்பட்ட கடைசி ஐரிஷ் பிரபுப் பட்டம் அது.

1922-இல் அயர்லாந்தின் பெரும்பகுதி பிரிந்தபின் 28 பேருக்கான தேர்தல் நின்றது. இருந்தவர்களில் கடைசியானவர் 1961-இல் இறந்தார். 1963-இல் வந்த பிரபுப் பட்டச் சட்டம், ஐரிஷ் பிரபுக்கள் எந்தத் தொகுதியிலும் காமன்ஸுக்கு நிற்கலாம் என்று மாற்றியது. டவுன் கவுன்டி அதற்குள் வட அயர்லாந்தில் இருந்தது. காஸல்ரேயை அங்கிருந்து ஆர்ஃபோர்டுக்கு அனுப்பிய விதி, 142 ஆண்டுகள் கழித்து அந்த வரியோடு நீங்கியது.